ஈரப் பஞ்சு

இனிக் குணமாகாது என்று மருத்துவமனைகள் அனுப்பிவிட்டவர்கள் தங்கும் இல்லம் அது. தன் நான்கு இல்லங்களில், செலவுக்கேற்ற பலன் தராத, திறன் மிகக் குறைந்த ஒன்றை மூடுவதென்று அறக்கட்டளை முடிவு செய்திருந்தது. கணக்கிட வந்த தயாநிதி மடிக்கணினியைத் திறந்தார். உள்ளீடு எளிது: கட்டில், மருந்து, செவிலியர் நேரம்.

“பலன், அதான் வெளியீடு, என்ன போடட்டும், சிஸ்டர்? குணமாகி வீட்டுக்குப் போனவங்க?”

“இங்க யாருங்க சார் அப்படிப் போனாங்க?” என்றாள் செவிலி எப்சிபா. “எங்களுக்கு முட்டைதானா?”

“காலியான கட்டில்னு போட்டா?” கேட்டதும் அவருக்கே கூசியது. சீக்கிரம் சாகவிடும் இல்லம்தான் முதலிடம் பெறும். அழித்தார்.

எப்சிபா ஒரு முதியவரின் உலர்ந்த உதடுகளை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“அவரா வாயை மூடிக்கிற வரைக்கும்.”

அதையும் செவிலியர் நேரத்தில் சேர்த்தார். உள்ளீடு இன்னும் ஏறியது; வெளியீட்டுக் கட்டம் காலியாகவே இருந்தது.

அடுத்த கட்டிலில் இன்னொருவர் வாயைத் திறந்து காத்திருந்தார்.

“கை கழுவிட்டு வாங்க சார்,” என்றாள் எப்சிபா.

மாலைக்குள் கணக்கை அனுப்ப வேண்டும். வெளியீட்டில் பூஜ்யத்தைத் தவிர இடுவதற்கு அவரிடம் வேறு எண் இல்லை. கை கழுவி வந்த தயாநிதி, பஞ்சு காயக் காய நனைத்து அடுத்த கட்டில்காரரின் உதடுகளில் ஒற்றினார். அந்த வாய் இன்னும் மூடவில்லை.