கொழுந்துக் கறை

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து புஷ்பம் பதுளையில் ஷாமிலின் போன் திருத்தும் கடைக்குக் கொண்டுவந்த மலிவான ஆண்ட்ரொய்ட் போன், செத்துப்போன மகளுடையது. மகளும் கொழுந்து பறித்தவள், விரலில் பச்சைக் கறை போகாதவள். திரையில் கோடு இழுத்தால்தான் பூட்டுத் திறக்கும். எந்தக் கோடு என்று மகளுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

"அவ பாடுனத அதுல பதிஞ்சு வச்சிருக்கா தம்பி. ஒரு தடவ கேட்டா போதும்."

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மாத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. ஷாமில் பொறுமையில்லாமல் போனிலிருந்த எல்லாவற்றையும் அழித்துப் பூட்டை எடுத்தான்.

"உள்ளுக்கு ஒண்ணுமே இருக்கல்ல அம்மா," என்றான்.

"அப்ப இது எனக்கெதுக்கு?" என்று போனை மேசையிலேயே விட்டுவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள்.

ஒன்பது வருடமாகிறது. பேட்டரி இல்லாத போன் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காகக் கடை சாத்துமுன் லாச்சியைத் திறந்து பார்ப்பான். கண்ணாடியில் ஒரு கரும்பச்சைக் கோடு மேலிருந்து இறங்கி, வலப்பக்கம் திரும்பி, நடுவில் வந்து நிற்கும். எப்போதும் அதே கோடுதான். துடைத்து வைப்பான். அடுத்த வெள்ளி மறுபடியும் இருக்கும்.

இந்த வெள்ளி துடைக்கவில்லை. கோட்டின் மேலேயே தன் விரலை வைத்து இழுத்துப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. திறப்பதற்குத்தான் உள்ளே எதையும் அவன் விட்டுவைக்கவில்லையே.

பள்ளிவாசல் குழாயடியில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுளூச் செய்ய உட்கார்ந்தான். பக்கத்திலிருந்தவர் அவன் சுட்டுவிரலைப் பார்த்தார்.

"என்ன நானா, கொழுந்து பறிக்கவா போன?"

உள்ளே தொழுகை தொடங்கிவிட்டது. மூன்று தரம் கழுவிய விரலை ஷாமில் நாலாம் தரமும் கழுவினான்.