அண்ணன் பெயருக்கு ஒரு பூட்டு

எங்கள் பங்காளிகளுக்கென்று ஓர் அரட்டை சர்வர் இருக்கிறது. கொல்லங்கோட்டு வீட்டில் அண்ணன் சென்னியப்பன் நிறுவியது. அவர் இருந்தவரை துபாயில் இருப்பவன்கூட மாலையில் அதில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பான். அண்ணன் நாற்காலியில் இருப்பார். நான் பக்கத்தில் நின்று படிப்பேன். அவர் முன்னால் நான் உட்கார்ந்ததில்லை.

போன தையில் அண்ணன் இறந்தார். சித்திரையில், அவர் பெயரில் யாரோ உள்ளே வந்து போவதாகப் பங்காளிகள் சொன்னார்கள். எங்கள் குடும்பத்துப் பெரியவர் பெயரை வைத்து விளையாட எவனுக்கும் உரிமையில்லை. பெயர்களைக் கடவுச்சொல்லால் பூட்டும் சர்வீசஸ் மென்பொருளை நிறுவ மகள் செல்வப்பிரியாவை வரவழைத்தேன்.

"ஏனுங்கப்பா, இத்தன வருசமா கதவில்லாத ஊட்டுலயா குடியிருந்தீங்க?" என்று சிரித்தபடியே வேலையை முடித்தாள். "இதுல இன்னும் ஒரு பேருகூடப் பதியலீங்க. மொதல்ல பெரீப்பா பேரப் பூட்டிருங்க."

அண்ணன் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து விரலால் அடித்தேன். அந்தப் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருப்பதாகப் பதில் வந்தது.

"அதெப்படீங்கப்பா?" என்று அவள் திரையருகே குனிந்தாள்.

சென்னியப்பன் உள்ளே வந்ததாகத் திரை காட்டியது. மென்பொருள் கடவுச்சொல்லைக் கேட்டது. வந்ததைச் சரி என்று ஏற்றுக்கொண்டது. அடுத்து அந்தப் பெயரில் ஒரு வரி வந்தது.

"தம்பி, மேக்கால வயலுக்குத் தண்ணி திருப்பீட்டயா?"

மாலையில் என்னைக் கண்டதும் அண்ணன் முதலில் கேட்பது அதைத்தான்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். நின்றுகொண்டே அடித்தேன்.

"திருப்பீட்டனுங்கண்ணா."