அச்சு மாற்றும் நேரம்

“தேன்குழல், முள்ளு முறுக்கு ரெண்டும் ஒரே முறுக்கு உழக்குல பிழிஞ்சதுங்களா?” என்று மைக்கேல்சாமி கேட்டதும், தட்டை நீட்டிய அமலராணி சிரித்துவிட்டாள்.

“ஆமா, அச்சை மட்டும் மாத்துவேன். ஒங்க பட்டறையில இரும்படிக்கிற கரண்டு சம்மட்டிக்கு அச்சு மாத்த எவ்வளவு நேரமாகும்?”

“ஆப்பைத் தட்டிக் கழத்தி, வேற மாட்ட அரை மணி ஆகுங்க.”

“அரை மணியா! ஒரு படி மாவையே பிழிஞ்சிருவேனே. உழக்கு மாதிரி ஒண்ணு செஞ்சு பாருங்க. செஞ்சா எனக்குக் காட்டணும்.”

பெண் பார்க்கப் போன வீட்டில் நடந்த பேச்சு அது. ஆறு மாதமாகியும் மைக்கேல்சாமியின் காதைவிட்டுப் போகவில்லை. அந்த வீட்டில் அவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் பாக்கி இருந்தது. அவள் சொன்னதைச் செய்யாமல் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

அச்சைச் செருகி முளையைத் தள்ளினால் கவ்விக்கொள்கிற இரும்புக் கூடு ஒன்றைச் செய்தான். முதல் இரண்டும் சம்மட்டி அடி தாங்காமல் பிளந்தன. மூன்றாவது நின்றது. அதையும் இரண்டு அச்சுகளையும் சாக்கில் கட்டிக்கொண்டு அமலராணியின் ஊரான ஆவூருக்குப் பஸ் ஏறினான்.

அமலராணி முளையைத் தள்ளி, ஓர் அச்சை உருவி மற்றொன்றைச் செருகினாள். “பத்து எண்றதுக்குள்ள மாறிருச்சே!”

அவளுடைய அப்பா தைரியநாதன் மைக்கேல்சாமியை உற்றுப் பார்த்தார்.

“நீங்க அன்னிக்கு மாப்பிள்ளைக்குத் துணையா வந்த தம்பிதானே? பொண்ணு வாயாடின்னு அந்த மாப்பிள்ளைதான் வேணாம்னுட்டாரே. இப்ப என்ன சேதி?”

மைக்கேல்சாமி எழுந்து நின்றான்.

“அந்த வாய் பேசுனதாலதாங்க இந்தக் கூடே பொறந்துச்சு. பொண்ணை எனக்குக் குடுங்க, மாமா.”