பொட்டு வைத்த டார்ச்

வாங்கி ஒரு நாள்கூட ஆகாத டார்ச் எரியவில்லை. வடிவு பேட்டரியை மாற்றினாள், ஸ்பிரிங்கைத் துடைத்தாள், உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டினாள். அது மசியவில்லை. மாற்றித் தரக் கேட்டால், கடைக்காரர் இதையே வேறு டப்பாவில் போட்டு நீட்டிவிட்டால்? மூடியைக் கழற்றி, உள்பக்கம் நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

“கீழ போட்டீங்களாக்கா?” என்றார் கடைக்காரர்.

“போட்டிருந்தா கீறல் இருக்காதா? நல்லாப் பாருங்க.”

அவர் டார்ச்சோடு திரைக்குப் பின்னால் போனார். திரும்பி வர ஒரு காபி குடிக்கும் நேரமாயிற்று.

“புது பீஸ், அக்கா” என்று, டேப் ஒட்டிய டப்பாவை அவள் கண்ணெதிரே பிரித்தார். பளிச்சென்று எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மூடியைத் திருகிப் பார்த்தாள். சிவப்புப் பொட்டு இல்லை. அதே இடத்தில் பச்சையாக ஒரு பொட்டு இருந்தது, அவளைப் போலவே யாரோ நிதானமாக வைத்தது.

நெயில் பாலிஷை எடுத்து வந்தாள். பிறகு பச்சைக்குப் பக்கத்தில் தன் சிவப்பையும் வைத்து, காய்ந்ததும் மூடினாள். பொத்தானை அழுத்தத்தான் கை வரவில்லை.