லிஸ்பனில் ஏறிய கண்டிக் கொடி

"லோஜினி, தலைவர் கையில இருக்கிறது அவருக்கு எழுதுன பேச்சு இல்லடி."

"பின்ன யாரு எழுதுன பேச்சு?"

"நான் எழுதுனதுதான். ஆனா அது என் கேம் வீடியோவுக்கு எழுதுனது."

கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் வரலாற்று மன்ற விழா. மேடையில் தொழிற்சங்கத் தலைவர் ஆண்டியப்பன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில், தோழி லோஜினியின் பக்கத்தில், சர்மிளா டீச்சர் ஃபோனைப் பார்த்தபடி வெளிறிப் போயிருந்தாள். காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே அனுப்பியது. பக்கத்து ஃபைலில் விரல் பட்டுவிட்டது.

இரண்டு வருடமாகத் தலைவரின் பேச்சுகளை எழுதுவது அவள்தான். பதிலுக்கு அவளுடைய நிரந்தர நியமனத்துக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். கடிதம் டைப் செய்யப்பட்டு அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. கையெழுத்து மட்டும் விழா முடிந்த பிறகுதான். மேடையில் அவர் மானம் போனால் கடிதம் அந்தப் பையை விட்டு வெளியே வராது.

"அனுப்புனத அவரு படிச்சுப் பாத்திருப்பாரே?"

"எந்தக் காலத்துல படிச்சாரு? டிரைவர் பிரிண்ட் எடுத்துக் குடுப்பாரு. இவரு மைக் முன்னால வந்துதான் மடிப்பையே பிரிப்பாரு."

சர்மிளா ஆடி வீடியோ எடுக்கும் அந்தக் கணினி விளையாட்டில் உலக வரைபடத்திலிருந்து ஒரு நாட்டை எடுத்து நூறு வருடம் ஆளலாம். தோற்றால், முன்பு சேமித்து வைத்த கட்டத்துக்குத் திரும்பி மறுபடி ஆடலாம். புத்தியுள்ளவர்கள் ஸ்பெயினையோ பிரான்சையோ எடுப்பார்கள். சர்மிளா கண்டியை எடுத்திருந்தாள்.

"கண்டியை நான் கையில் எடுத்தபோது," ஆண்டியப்பன் கம்பீரமாகத் தொடங்கினார், "துறைமுகம் இல்லை. கப்பல் இல்லை. சுற்றிலும் போர்த்துக்கேயர்."

சர்மிளா கண்ணை மூடிக்கொண்டாள். "நான், நான்னே வாசிக்கிறாருடி."

"அவரு எந்தப் பேச்சுலதான் நான்னு சொல்லல? ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. பேசாம இரு."

உண்மைதான். சபை வழக்கம்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

"முதல் தடவை படுதோல்வி. பதினொரு வருடத்தில் கண்டி காலி. நான் மனம் தளரவில்லை. பழைய சேமிப்புக்குத் திரும்பிப் போய் மறுபடியும் ஆரம்பித்தேன்."

கூட்டுறவுச் சங்க முகாமையாளர் எழுந்து நின்று கைதட்டினார்.

"பதினாறு வருடம் கப்பம் கட்டினேன். கப்பம் கட்டிக்கொண்டே கப்பலும் கட்டினேன்."

பின்னாலிருந்து ஒரு விசில் பறந்தது. தலைவருக்குச் சூடு பிடித்துவிட்டது.

"பிறகு நாற்பது கப்பலோடு லிஸ்பனுக்கே போனேன். போர்த்துக்கல் மன்னன் சமாதானம் கேட்டு ஆள் அனுப்பினான். அவன் கோட்டையில் கண்டிக் கொடி ஏறியது."

மண்டபம் அதிர்ந்தது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாடசாலை அதிபர், இதெல்லாம் தனக்கு எப்போதோ தெரியும் என்பதுபோலப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துப் புன்னகைத்தார். கைதட்டல் ஓயாததால் ஆண்டியப்பன் தாளில் இல்லாத ஒரு வரியையும் தாராளமாகச் சேர்த்தார்: "அன்றைக்கும் நம்முடைய சங்கம்தான் முன்னால் நின்றது."

"தப்பிச்சிட்ட, போ," என்றாள் லோஜினி.

"எங்க தப்பிச்சேன்? அடுத்தது பேராசிரியர்."

பேராசிரியர் கஜேந்திரன் போர்த்துக்கேயர் காலத்தையே முப்பது வருடம் ஆராய்ந்தவர். தலைவர் பேசி முடிக்கும்வரை குனிந்த தலை நிமிராமல் ஒரு கொப்பியில் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். இப்போது மைக்கைப் பிடித்து, கொப்பியைத் திறந்து, சபையை ஒருமுறை பார்த்தார்.

"தலைவருடைய பேச்சில் ஒரு பிழை இருக்கிறது."

ஆண்டியப்பனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சர்மிளா லோஜினியின் மணிக்கட்டை நெரித்தாள்.

"கப்பல் நாற்பது அல்ல. நாற்பத்திரண்டு. நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன்."

ஆண்டியப்பன், பெரிய மனிதர்கள் சின்னப் பிழையை ஏற்றுக்கொள்ளும் தோரணையில் தலையசைத்தார்.

"மற்றபடி தலைவர் சொன்னபடியேதான் நடந்தது. ஆனால் பிள்ளைகளே, இதைப் பரீட்சையில் மட்டும் எழுதிவிட வேண்டாம். பாடத்திட்டத்தில் இன்னும் சேரவில்லை."

விழா முடிந்ததும் ஆண்டியப்பன் சர்மிளாவைக் கூப்பிட்டு, டிரைவரின் முதுகில் கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டு கப்பல எங்க பிள்ள விட்ட? படிச்ச மனுசன் முன்னால ஏதோ சமாளிச்சேன். இனிமே பாத்து எழுது."

"சரிங்க தலைவரே. இனிமே பாத்துக்கிறேங்க."

வாசலுக்கு வந்துதான் சர்மிளா மூச்சு விட்டாள். கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பெயர் சரியாக இருந்தது. கையெழுத்தும் அவருடையதுதான். காலையிலிருந்து சாப்பிடாதது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நல்லவேள, அந்தப் பேராசிரியர் தலைவரையே மிஞ்சிட்டாரு," லோஜினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கண்ணால பாத்தாராம். என்னா புளுகு."

சர்மிளா சிரிக்கவில்லை. ஃபோனைத் திறந்து எதையோ தேடினாள்.

"லோஜினி, நெசமாவே நாப்பத்திரெண்டு கப்பல்தான்டி. எழுதுறப்ப நாப்பதுன்னு சுருக்கிட்டேன். சரியான எண்ணிக்கை வீடியோவப் பாத்தாத்தான் தெரியும்."

போன ஞாயிற்றுக்கிழமை அவள் போட்ட அந்த வீடியோவின் கீழே, இதுவரை பார்த்தவர்கள் ஒருவர் என்றிருந்தது.