இன்னொரு ஜன்னல்

“மாடியறைக்கு இன்னொரு ஜன்னல் வச்சா முகப்பு கெட்டுடுமா தம்பி?” என்று கேட்டாள் வீட்டு வரைபடத்தோடு வந்திருந்த பெண்.

கணினியில் வீட்டுப் படம் வரைபவன் உற்சாகமானான். “எலிவேஷன்ல பார்த்துடலாம் அக்கா. வீட்டுக்கு எதிர்ல நேரா நின்னு பார்க்குற தோற்றம் அது. இதுல ஜன்னலை வச்சா, மேலேருந்து பார்க்குற பிளான்லயும் சுவர் தானா திறந்துக்கும்.”

திரையில் வைத்துக் காட்டினான். “பாருங்க, இப்பதான் வீடு மூக்கும் முழியுமா இருக்கு.”

“ஆள் வெளியே வர்ற அளவு இருக்குமா?”

“தாராளமா. வேலையை எப்ப ஆரம்பிக்கிறீங்க?”

“கட்டி மூணு வருஷமாச்சு தம்பி. முகப்புக்குப் பொருந்தாதுன்னு நான்தான் இந்த ஜன்னலை வேணாம்னேன். போன மாசம் தீப்பிடிச்சப்போ பிள்ளைங்க ரெண்டும் அந்த அறையிலதான் இருந்தாங்க. கதவுப் பக்கம் தீ, இருந்த ஜன்னலும் சின்னது. வெளியே வர வழியில்லை.”

அவன் சட்டென்று ஜன்னலை நீக்க மவுஸை நகர்த்தினான்.

“அழிக்காதீங்க தம்பி,” என்றாள். “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”