சிவப்பு நூல்

ஓணம் முடிந்ததும் நானும் என் மனைவி பகவதியும் முதியோர் இல்லத்துக்குப் போவதாக ஏற்பாடு. சலவையில் மாறிவிடாமலிருக்கத் துணிகளில் பெயர் தைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

கரமனையில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, என் வேஷ்டிகளில் சிவப்பு நூலால் என் பெயரைத் தைத்தாள். தையல் கோணிக்கொண்டு போனது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாள்.

"உன் புடவைக்கெல்லாம் எப்போ தைக்கப்போறே?"

"அதுக்கென்ன அவசரம்? நீங்க முதல்ல ஒரு பொத்தானாவது தைக்கக் கத்துக்கோங்கோ."

"நீ எதுக்கு இருக்கே?"

ஊசியை என்னிடம் நீட்டினாள்.

ஓணத்துக்குப் பத்து நாள் முன்பு அவள் இறந்துபோனாள். நான் தனியாகப் போனேன்.

அறையில் ஒரே கட்டில்.

"ரெண்டு பேருக்குன்னுதானே சொல்லியிருந்தோம்?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"இல்லையே சாரே. விஷுவுக்கு முன்னே, அஞ்சாறு மாசமிருக்கும், உங்க வீட்டு அம்மாதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரே இங்க வந்து புக் செய்தாங்க. ஒரு கட்டில் போதும்னு அன்னைக்கே சொன்னாங்க."